காற்றுவழி இணையத் தேர்வு உபகுழு

கமால் பாய் வாய் ஓயாத மனிதர். துறைமுகத்துக்கும் மாதவரத்துக்கும் நடுவே கன்டெய்னர் லாரி ஓட்டியவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை நகராமல் கிடக்கும்போது, சீட்டை விட்டு இறங்காமலே முன்வண்டிக்காரனுக்குப் பெண் பார்த்து, பின்வண்டிக்காரனின் பங்காளிச் சண்டையைத் தீர்த்து வைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே சுவரோடு சரிந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் துவண்டிருந்தன. பேச்சு சுத்தமாக வரவில்லை. பிறர் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் மட்டும் தொண்டைக்குக் கீழே எங்கோ நின்றுவிட்டது.

அவர் மனைவி சாபிரா வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுப்பவள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போனதும் மெஷினில் உட்கார்ந்து தைத்தாள். அழுகை வருமா என்று அவளே ஒருமுறை காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. கழுத்துப் பட்டியை மடித்து அடித்தாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவள் பெனிஷா என்ற இளம்பெண். கல்யாணமாகி நாகர்கோவிலுக்குப் போகும் முன்னால் சாபிராவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, மொதல் கொஞ்ச மாசம்தான் முக்கியம். இப்ப விட்டா பேச்சு திரும்ப வாரது கஷ்டம். தினமும் வீடியோல வாங்க, நான் சொல்லித் தாரேன். என் வாயைப் பாத்துத்தான் அவர் படிக்கணும்."

திருவொற்றியூரில் அவர்கள் இருந்த அலைமகள் அடுக்ககத்துக்குப் பின்னால் கன்டெய்னர் யார்டு. ஏழு பெட்டி உயரத்துக்கு இரும்பு அடுக்கி வைத்திருப்பார்கள். கீழ்த்தள வீட்டில் போனில் பேச்சு கேட்கும்; வீடியோ வராது. பெனிஷாவின் வாய் திறந்த வாக்கிலேயே உறைந்து நிற்கும். கமால் பாயும் அதைப் பார்த்து வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பார். தெருமுனைக்கு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனால் சிக்னல் கிடைத்தது, ஆனால் டிரெய்லர் ஹாரனில் ஒன்றும் கேட்கவில்லை. கேபிள்காரர்கள் ரோடு எந்த இலாகாவுடையது என்று தெரியாததால் தோண்ட முடியாது என்றார்கள்.

கடைசியில், டயர் கடைக்கு மேலே செங்குத்தான இரும்புப் படி ஏறிப் போய், 'காத்தாடி நெட்' நடத்தும் ஜெஸ்வினைப் பார்த்தாள் சாபிரா. சின்னக் கம்பெனி. அவனும் ஓர் ஏணியும் ஒரு ஸ்கூட்டரும்தான் அதன் மொத்த நிர்வாகம்.

"மொட்டை மாடில ஒரு சின்னத் தட்டு வெப்பேன்க்கா. அது எங்க டவர நேராப் பாத்தா போதும், ஒயரு கியரு ஒண்ணும் ரோட்ட தாண்ட வேணாம். நாளைக்கே முடிச்சுரலாம். மாடி பொதுவுதானே? சங்கத்துல ஒரு வார்த்த கேட்டுருங்க."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் சாபிரா போனாள்.

அலைமகள் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் அய்யாத்துரை. யானைக்கவுனியில் பிளாஸ்டிக் குடம், வாளி மொத்த வியாபாரம். தெற்கத்திக்காரர். வீட்டில் பேசும்போது ஒரு தமிழும் சங்க விஷயமென்றால் வேறொரு தமிழும் பேசுவார். தண்ணி லாரியை வரவழைப்பது அவர் பொறுப்பு. எந்த வீட்டுக்கு முதல் குழாய், எந்த வீட்டுக்குக் கடைசிக் குழாய் என்பதும் அவர் பொறுப்பு. அதனால் சங்கத்தில் எதிர்ப்பே இருந்ததில்லை. இதை அவர் ஒற்றுமை என்று குறிப்பிடுவார்.

"தட்டுதானே? வச்சிட்டுப் போ தாயி, இதுக்கு என்னத்துக்கு..." என்று தொடங்கியவர், பக்கத்தில் செயலாளர் கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் மாறியது. "ஆனால், ஒன்றை நாம் யோசிக்க வேண்டும். இன்று ஒருவர் தட்டு வைப்பார். நாளை எல்லோரும் வைப்பார்கள். மாடி என்ன, ஹோட்டலா? ஒரே கட்டடம், ஒரே தட்டு, ஒரே கம்பெனி. அதைச் சங்கமே தேர்ந்தெடுக்கும்."

கிருஷ்ணப்பன் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆயுளெல்லாம் கோப்பு நகர்த்தி ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பின் நகர்த்துவதற்கு ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததைச் சாபிரா பார்த்தாள்.

"உபகுழு போட்டுவிடலாம்," என்றார் கிருஷ்ணப்பன்.

சங்கக் கூட்டங்கள் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நடக்கும். அது சாபிராவின் வாசலுக்கு நேர் எதிர். காற்றுக்காகக் கமால் பாயை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பாள். ஆகவே அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

உபகுழுவின் முதல் கூட்டம் பெயர் வைப்பதில் போனது. 'கம்பியில்லா இணையத் தேர்வு உபகுழு' என்று கிருஷ்ணப்பன் முன்மொழிந்தார். ஆரம்பத்திலேயே 'இல்லா' என்று வருவது நல்ல சகுனமா என்று இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் கேட்டார். 'கம்பியற்ற' என்று மாற்றினார்கள். அற்றுப் போவது இன்னும் மோசம் என்றார்கள். 'கம்பி நீங்கிய' என்றார் ஒருவர். ஜெயிலிலிருந்து வந்தவனைச் சொல்வதுபோல் இருக்கிறது என்று இன்னொருவர் மறுத்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் 'காற்றுவழி' என்ற சொல் தலைவருக்குத் தோன்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். "இதை வழிமொழிபவர்?" என்று கிருஷ்ணப்பன் இழுத்துக் கேட்டார். அவர் அதைப் பள்ளிக்கூட மணிபோல ஒரே ராகத்தில்தான் கேட்பார். ஒருவர் "வழிமொழிகிறேன்" என்றார். அன்றைய வேலை முடிந்தது.

அடுத்து உறுப்பினர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை வந்தது. பிறகு கள ஆய்வு. எந்த டவர் உறுதியானது என்று நேரில் பார்க்க வேன் பிடித்து அத்திப்பட்டு வரை போனார்கள். அங்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல் தலையில் படிய டவர்களை அண்ணாந்து பார்த்தார்கள். "எல்லாம் உயரமாகவே உள்ளன" என்று அறிக்கை கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டைப் பற்றி அறிக்கையில் இதைவிட விரிவாக இருந்தது.

கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு நேர்காணல் வைத்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவதாக ஜெஸ்வின், ஏணியை வாசலில் சாய்த்துவிட்டு வந்து நின்றான்.

"தம்பி, உங்கள் கம்பெனி எவ்வளவு பெரியது?" என்று கேட்டார் அய்யாத்துரை.

"சின்னதுதான் சார். நான்தான் எல்லாம்."

"சின்னதை நம்பலாமா?"

"அப்ப பெரிய கம்பெனில எடுத்துக்குங்க சார்."

"பெரியது நம்மை மதிக்குமா?" என்று தலைவர் சபையைப் பார்த்தார். சபை இல்லையென்று தலையாட்டியது. "ஆகவே, நிறுவனம் சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் மிகச் சிறியதாக இருக்கக் கூடாது. எழுதிக்கொள்ளுங்கள்."

மழைக்காலத்தில் இன்டர்நெட் நனையுமா என்று ஒருவர் கேட்டார். காற்றில் வருகிற சிக்னல் வழியில் எண்ணூர் நாற்றத்தையும் கூட்டிக்கொண்டு வருமா என்று மூன்றாம் மாடி அம்மாள் கேட்டார். கம்பெனிக்கு நெடுங்கால அனுபவம் வேண்டும், கருவி மட்டும் போன மாதம் கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும் என்று கிருஷ்ணப்பன் நிபந்தனை வாசித்தார். ஜெஸ்வின் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பதில்கள் சுருக்கமாக இருந்தது உபகுழுவுக்குப் பிடிக்கவில்லை.

இதற்குள் பெனிஷா சொன்ன மாதங்கள் கழிந்துகொண்டிருந்தன. அவள் போனில் கூப்பிட்டு, "இன்னுமா அக்கா?" என்பாள். "மீட்டிங்கு நடந்துகினு கீதும்மா," என்பாள் சாபிரா. வேறு எதுவும் சொல்ல அவளுக்கு வரவில்லை. சில நாள் தன்னுடைய பேச்சும் குறைந்துகொண்டே போவதாக அவளுக்குப் பட்டது. அதுபற்றியும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு மதியம் உபகுழு கேட்ட அளவுகளை எடுக்க ஜெஸ்வின் வந்தான். மாடியில் தட்டை வைத்துத் திருப்பிப் பார்த்தவன், என்ன நினைத்தானோ, ஒரு ஒயரைச் சாபிராவின் ஜன்னல் வழியாக இறக்கிவிட்டான். "செக் பண்றேன்க்கா. அந்த டீச்சரக் கூப்புடுங்க."

பெனிஷா வந்தாள். உறையாமல் வந்தாள். பின்னால் அவள் வீட்டுத் தென்னை ஆடுவதுகூடத் தெரிந்தது. கமால் பாய் முதலில் திரையைத் தொட்டுப் பார்த்தார். பெனிஷா ஒரு தம்ளரைத் தூக்கிக் காட்டி, "இது என்னது சார்? த... தண்..." என்று மெதுவாகச் சொன்னாள். கமால் பாயின் கழுத்து நரம்பு புடைத்தது. நாக்கு பல்லில் முட்டியது. "த்... த..." என்றார். "வருது அக்கா! விடாதீங்க, வருது!" என்று பெனிஷா அங்கே கத்தினாள்.

திரை அணைந்தது. கிருஷ்ணப்பன் மாடிப்படி இறங்கி வந்தார். கையில் பிடுங்கிய பிளக்.

"தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது போட்டியாளர் ஒருவர் குடியிருப்பாளருக்கு சிக்னல் விநியோகிப்பது, தேர்தல் சமயத்தில் பிரியாணி விநியோகிப்பதற்குச் சமம்," என்றார்.

"சார், அவரு வாயத் தொறந்துட்டாரு சார்," என்றாள் சாபிரா.

"அதனால்தான் அம்மா அவசரமாக வந்தேன். இப்போது அவர் பேசிவிட்டால் மற்ற இரண்டு கம்பெனிகளுக்கும் அது பாதகம். நாளைக்கு யாராவது நம் நடுநிலையைக் குறை சொல்லிவிடக் கூடாது." அவர் குரலில் கோபமே இல்லை, உண்மையாகவே அக்கறை இருந்தது. கமால் பாயின் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேல் வீட்டில் வாடகைக்கு இருந்த கெங்கம்மா, காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்தவள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூ, பேஜாரு புடிச்சவனுங்க! இன்னா சாபிரா, மரம் மாதிரி நிக்கிற? நாலு வார்த்த கேளேன்!"

"கேட்டா தண்ணி லாரி நிக்காது கெங்கா," என்றாள் சாபிரா. கமால் பாய் இன்னும் அணைந்த திரையைப் பார்த்தபடி நாக்கைப் பல்லில் வைத்திருந்தார். அவள் துண்டால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

எப்படியோ தேர்வு முடியும் கட்டம் வந்துவிட்டது. மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் காத்தாடி நெட் முதலில் வந்தது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. முடிவை அறிவிப்பதற்காகக் கூடிய கூட்டத்தில் ஒரு சோகம் நிலவியது. கம்பெனியை அறிவித்துவிட்டால் உபகுழு கலைந்துவிடும். அட்டையைக் கழற்ற வேண்டும். வேன் கிடையாது. கிருஷ்ணப்பன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டம்மாள் சொன்னாள்.

அய்யாத்துரை எழுந்தார். "அன்பர்களே! தேர்ந்தெடுப்பது சுலபம். எந்த மூடனும் தேர்ந்தெடுத்துவிடுவான். தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்குத்தான் அறிவு வேண்டும். இந்தச் சங்கம் அவசரப்பட்டது என்று வரலாறு சொல்லக் கூடாது. ஆகவே, இதுவரை நடந்த தேர்வை ரத்து செய்து, முதலிலிருந்து இன்னும் சிறப்பாகத் தொடங்க முன்மொழிகிறேன்."

உபகுழு உறுப்பினர்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது போலும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதை வழிமொழிபவர்?" என்று அதே ராகத்தில் இழுத்தார் கிருஷ்ணப்பன். பதில் இல்லை. மறுபடி கேட்டார். தலைவரின் முகம் கறுக்கத் தொடங்கியது. கிருஷ்ணப்பன் குரலை உயர்த்தி இன்னொரு முறை கேட்டார்.

"வழிமொழிகிறேன்."

தெளிவான, கனத்த குரல். வாசலிலிருந்து வந்தது. உள்ளே சாபிராவின் மெஷின் சக்கரம் நின்றது. அந்தக் குரலை அவள் மறந்தே போயிருந்தாள். ஓடி வந்து பார்த்தாள். கமால் பாயும் எல்லோரையும் போலவே யார் சொன்னது என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நொடி சபை எழுந்து ஆரவாரம் செய்தது. கிருஷ்ணப்பன் கண் கலங்க, "கமால் பாய் வழிமொழிய, தீர்மானம் நிறைவேறியது," என்றார். அய்யாத்துரை பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எந்த டாக்டர் செய்தார் இதை? எந்த இன்டர்நெட் செய்தது? சங்கம் செய்தது! நமது கூட்டங்களின் நீளத்தைக் குறை சொன்னவர்கள் இப்போது எங்கே?"

எல்லோரும் சாபிராவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வேண்டும் என்று முகத்தை அசைத்துப் பார்த்தாள். ஜெஸ்வின் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

செய்தி கேட்டுப் பெனிஷா, கூட்டத்தில் எப்படிக் கேட்டார்கள் என்று போனில் விசாரித்தாள். பிறகு, "அக்கா, அது தானா வாரது. திரும்பத் திரும்பக் கேட்டு மண்டைல பதிஞ்ச சொல்லு. பாட்டு மாதிரி. அவரா நெனச்சு ஒரு சொல்லு சொல்லணும், அதுதான் பேச்சு," என்றாள்.

சங்கம் அப்படி நினைக்கவில்லை. கமால் பாய்க்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உபகுழுவில் உறுப்பினராக்கி அட்டை குத்தினார்கள். கிருஷ்ணப்பன் இழுத்துக் கேட்கும்போதெல்லாம் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. இவ்வளவு பொறுப்பான உறுப்பினரைத் தன் பணிக்காலத்திலேயே கண்டதில்லை என்றார் கிருஷ்ணப்பன். கூட்டங்கள் விறுவிறுவென நடந்தன. மாடியில் துணி காயப்போடத் தடை வந்தது, பாய் வழிமொழிந்தார். வாசலில் தலைவர் பெயர் பொறித்த வளைவு, வழிமொழிந்தார். தண்ணி லாரி வந்தால் கீழ்த்தள வீடுகளுக்குக் கடைசிக் குழாய், அதையும் வழிமொழிந்தார். அன்று சாபிரா காலியான குடத்தோடு வெகுநேரம் நின்றாள்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரர ரப்பர் ஸ்டாம்பு ஆக்கிட்டானுங்களே," என்றாள் கெங்கம்மா. பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அவனுங்க கேட்டா சொல்றாரு இல்ல? நீயே ஒரு தீர்மானம் போடு. எங்க வூட்டுக்கு மாடில ஒரு தட்டுன்னு. அந்தக் கெழவன் ராகத்த இழுத்த ஒடனே இவரு சொல்லிருவாரு. முடிஞ்சுது கத."

சாபிரா கூட்டத்தில் இதுவரை பேசியதில்லை. அடுத்த கூட்டத்தில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு பேச்சுப் படிக்கணும். மொட்ட மாடில எங்களுக்கு மட்டும் ஒரு தட்டு வெச்சிக்கிறோம். அதுக்கு நான்... முன்மொழியிறேன்."

கிருஷ்ணப்பன் அதிர்ந்து போனார். வீடு கமால், சாபிரா இருவர் பேரிலும் இருப்பதால் அவளுக்கு உரிமை உண்டு என்று விதியைப் பார்த்து, வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். விதி என்று வந்துவிட்டால் அவர் நேர்மையானவர்.

"நான் வழிமொழியிறேன்!" என்று கத்தினாள் கெங்கம்மா.

"வாடகைக்கு இருப்பவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே," என்றார் கிருஷ்ணப்பன். "உரிமையாளர்களில் யாராவது?"

உரிமையாளர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி மாட்டினார். தலைவர் எல்லோர் முகத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சார், நீங்க எப்பவும் கேக்குற மாதிரி கேளுங்க சார்," என்றாள் சாபிரா.

கிருஷ்ணப்பனுக்கு விளங்கிவிட்டது. தலைவரைப் பார்த்தார். ஆனாலும் விதி விதிதான். இழுத்தார்: "இதை வழிமொழிபவர்?"

கமால் பாயின் உதடு பிரிந்தது. சாபிரா அவர் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். "சொல்லுங்க," என்றாள் மெதுவாக. "தெனம் சொல்றீங்களே, அது."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சங்கத்துக்குத் தானாக வந்த சொல் அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. நெற்றியில் வியர்வை கிளம்பியது. எல்லோரும் காத்திருந்தார்கள். பின்னால் யார்டில் கிரேன் ஒரு பெட்டியை இறக்கும் சத்தம் வந்து அடங்கியது.

"சா..." என்றார்.

கிருஷ்ணப்பன் காதைக் கொடுத்தார்.

"சா... சா..."

"'சா' என்பது வழிமொழிதல் ஆகாது," என்றார் கிருஷ்ணப்பன், உண்மையான வருத்தத்தோடு. "வழிமொழிபவர் இல்லாத காரணத்தால் தீர்மானம் கைவிடப்படுகிறது."

"ஏ, பாய் சாயா கேக்காரு வே!" அய்யாத்துரை சட்டென்று சிரித்தார். அவர் குரலில் பெரிய நிம்மதி தெரிந்தது. "மனுசன் களைச்சுப் போயிட்டாரு. யாருப்பா அங்க, எல்லாருக்கும் சாயா சொல்லு! என் செலவு!"

சபையும் சிரித்தது. இரண்டாவது சொல்லும் வந்துவிட்டது, அதுவும் சங்கக் கூட்டத்திலேயே வந்தது என்று பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். இந்த முறை வழிமொழிய நிறையப் பேர் இருந்தார்கள்.

சாயா வந்தது. பாய்க்குத்தான் முதல் கிளாஸ் என்று தலைவரே எடுத்துக்கொடுத்தார். சாபிரா அதை வாங்கி, ஆற்றி, அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளைப் பார்த்து மறுபடி முயன்றார். "சா..." அதற்கப்புறம் இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டன. ஒட்டியபடியே நடுங்கின. திறக்கவில்லை.

சாயா என்று சொல்ல உதடு மூட வேண்டியதே இல்லை.

சாபிரா கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். "ம், சொல்லுங்க," என்றாள். தன் உதடுகளை மூடி, அவர் பார்க்கும்படி மெதுவாகத் திறந்து காட்டினாள். "பி..."

அவர்களுக்குப் பின்னால் கிருஷ்ணப்பன் அடுத்த பொருளுக்குப் போனார்.